கைத்துப்பாக்கித் தோட்டாவில் இயங்கும் கார்பைன்: நம்பகமான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகவும் பயிற்சிக்காகவும் சுடுதளத்துக்குச் செல்பவர்கள் முதல் கார்பைனை வாங்குவதற்கு முன் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. சட்டப்படி உரிமம் பெற்றவர்கள், அனுமதிக்கப்பட்ட தளத்தில், காகித இலக்கையோ எஃகு இலக்கையோ சுடுவதை மட்டுமே மனத்தில் வைத்து இது எழுதப்பட்டது.

கைத்துப்பாக்கித் தோட்டா கார்பைன் என்பது எது?

தோளில் அணைத்துச் சுடும் நீள்துப்பாக்கிதான் அது. ஆனால் ரைஃபிள் தோட்டாவுக்குப் பதிலாக 9 மி.மீ., பாயிண்ட் 45, பாயிண்ட் 357 மேக்னம் போன்ற கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுவதற்காகச் செய்யப்பட்டது. இதைப் புதிய கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1873ஆம் ஆண்டின் வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கிக்கென வந்த பாயிண்ட் 44-40 தோட்டாவுக்கு, 1878இல் கோல்ட் நிறுவனம் ஒரு ரிவால்வரையும் செய்து கொடுத்தது. இடுப்பில் இருப்பதற்கும் தோளில் இருப்பதற்கும் ஒரே தோட்டாப் பெட்டி போதும் என்ற வசதி அன்றைக்கே மக்களைக் கவர்ந்தது. இன்றும் பெரும்பாலோர் இந்த வகையைத் தேடி வருவதற்கு அதுவே முதல் காரணம்.

ரைஃபிளே இருக்கும்போது இதை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

25 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை சுடுவதற்கு, ரைஃபிள் தோட்டாவைவிட மலிவாகவும் குறைந்த ஓசையுடனும் மணிக்கணக்கில் பயிற்சி செய்ய இதில் முடியும். கைத்துப்பாக்கித் தோட்டாவை மட்டுமே அனுமதிக்கும் உள்ளரங்கச் சுடுதளங்களிலும் இதைப் பயன்படுத்தலாம். தோளும் கன்னமும் இரு கைகளும் சேர்ந்து தாங்குவதால், கைத்துப்பாக்கியில் எஃகுத் தட்டு இலக்கின் விளிம்பைக்கூடத் தொட முடியாமல் தவித்த ஒருவர், இதே தோட்டாவைக் கொண்டு 50 மீட்டரில் உள்ளங்கை அளவுக்குள் ஐந்து துளைகளையும் அடக்கிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 200 மீட்டருக்கு மேல் சுட ஆசைப்படுபவர்கள் இதை வாங்க வேண்டாம். அவர்களுக்கு ரைஃபிள்தான் பொருத்தம்.

"நம்பகமானது" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்த விரும்பும் ஒரே செய்தி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நம்பகம் என்பது துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கும் பெயரில் இல்லை. துப்பாக்கி, மேகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி அல்லது குழாய்), தோட்டா ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதில்தான் அது இருக்கிறது. மூன்றில் ஒன்றை மாற்றினாலும், முன்பு செய்த சோதனை செல்லாததாகிவிடுகிறது. நல்ல பெயர் பெற்ற கார்பைன் மலிவான மேகசினால் நிமிடத்துக்கொரு முறை சிக்கிக்கொள்வதுண்டு. எளிய, அழகற்ற கார்பைன் தனக்கு ஒத்த தோட்டாவோடு ஆண்டுக்கணக்கில் தடையின்றி ஓடுவதும் உண்டு. ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதைவிட, "என் கையில் இருக்கும் இந்த மேகசினும் நான் தொடர்ந்து வாங்கப்போகும் இந்தத் தோட்டாவும் இதில் எத்தனை முறை தடையில்லாமல் ஓடின?" என்பதே சரியான கேள்வி. அதற்கு விடையை எண்ணித்தான் சொல்ல முடியும்.

எந்தத் தோட்டா அளவைத் தேர்ந்தெடுப்பது?

சட்டம் அனுமதிக்குமானால், பெரும்பாலோருக்கு 9×19 மி.மீ. போதும். 1902இல் வந்த இந்தத் தோட்டா உலகெங்கும் தயாராகிறது, எடைகளும் வகைகளும் ஏராளம், பின்னுதைப்பும் குறைவு. வழக்கமான 124 கிரெய்ன், அதாவது சுமார் 8 கிராம் குண்டு, கைத்துப்பாக்கியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் வேகத்தில் புறப்படுமானால், 16 அங்குலக் குழலிலிருந்து 380 முதல் 400 மீட்டர் வரை எட்டும். வெடிமருந்து விரைவாக எரிந்து முடிந்துவிடுவதால் 10, 12 அங்குலத்துக்குப் பிறகு குழலின் நீளத்தால் கிடைக்கும் கூடுதல் வேகம் சொற்பமே.

பாயிண்ட் 45 குண்டு கனமானது, மெதுவானது. குழல் நீண்டாலும் பெரும்பாலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. காதுக்கு இதமாக இருக்கும், ஆனால் செலவு கூடுதல், நூறு மீட்டரில் இறக்கமும் அதிகம்.

நீண்ட குழலால் உண்மையிலேயே பெரும் பயன் பெறுவது பாயிண்ட் 357 மேக்னம்தான். அதில் மெதுவாக எரியும் மருந்து நிரம்ப இருப்பதால், ரிவால்வரில் 375 மீட்டரை ஒட்டி இருக்கும் 158 கிரெய்ன் குண்டின் வேகம் கார்பைனில் 500 மீட்டரைத் தாண்டிவிடும். அதே சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) மென்மையான பாயிண்ட் 38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பதால், நெம்புகோல் துப்பாக்கியை விரும்புபவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. குட்டையான 38ஐத் தொடர்ந்து சுட்டால் சேம்பருக்குள் கரி வளையமாகப் படியும். அதைத் துடைக்காமல் 357ஐ நுழைத்தால் இறுக்கிக்கொள்ளும். மற்றது அதைவிட முக்கியமானது. குழாய் வடிவ மேகசினில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருப்பதால், பின்னாலிருக்கும் குண்டின் முனை முன்னாலிருப்பதன் பிரைமர் (அடிப்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) மீது நேராக அழுத்தும். எனவே கூர்முனைக் குண்டுகளை அதில் போடவே கூடாது. தட்டைமுனைக் குண்டுகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

"புளோபேக்" என்றால் என்ன? அதைத் தவிர்க்க வேண்டுமா?

தவிர்க்க வேண்டியதில்லை, ஆனால் புரிந்துகொள்ள வேண்டும். ரைஃபிளில் போல்ட், அதாவது தோட்டாவின் பின்னால் முன்னும் பின்னும் நகரும் உலோகக் கட்டி, பூட்டிக்கொண்டு சேம்பரை அடைக்கிறது. எளிய புளோபேக்கில் பூட்டு என்று எதுவும் இல்லை. போல்ட்டின் எடையும் அதன் பின்னாலிருக்கும் ஸ்ப்ரிங்கும் மட்டுமே, குண்டு குழலைவிட்டு வெளியேறும்வரை தோட்டாக் கூட்டைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. அதனால்தான் 9 மி.மீ. கார்பைனின் போல்ட் அரைக் கிலோவுக்கு மேல் கனக்கிறது. அந்த இரும்புக் கட்டி ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னோக்கிப் பாய்ந்து மோதுவதை நம் தோள் உணர்கிறது. சிறிய தோட்டாதானே என்று நினைத்து வாங்கியவர்கள், "இது ரைஃபிளைவிட அதிகமாக உதைக்கிறதே" என்று வியப்பது இதனால்தான்.

உறுப்புகள் குறைவு என்பதால் புளோபேக்கில் பழுதாவதற்கும் குறைவாகவே இருக்கிறது. பெரெட்டா சிஎக்ஸ்4 ஸ்டார்ம், சிஇசட் ஸ்கார்பியன் போன்றவை இந்த வகையே. ரூகர் பிசி கார்பைன் போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் எடை ஒன்றை வைத்து மோதலை மட்டுப்படுத்துகிறது. ஹெக்லர் அண்ட் காக் எம்பி5 குடும்பம் உருளைகளால் போல்ட்டின் திறப்பைத் தாமதப்படுத்துகிறது. சிக் எம்பிஎக்ஸ் வாயு பிஸ்டனும் சுழன்று பூட்டும் போல்ட்டும் கொண்டது. பின்சொன்ன இரண்டிலும் உதைப்பு மென்மையாக இருக்கும்; விலையும் கூடும், தேய்மானத்தைக் கணக்கிட்டு மாற்ற வேண்டிய உறுப்புகளும் கூடும். போட்டியில் நொடிகளை எண்ணுபவருக்கு அந்த மென்மை பயன்படும். மாதம் ஒருமுறை 200 தோட்டா சுடுபவருக்கு எளிய புளோபேக்கே போதும் என்பது என் கருத்து.

மேகசினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. மேகசினின் மேல் உதடுகள் இரண்டும் தோட்டாவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்துத் தர வேண்டும்; ஸ்ப்ரிங், போல்ட் திரும்பி வருவதற்குள் அடுத்த தோட்டாவை மேலே ஏற்றிவிட வேண்டும். உதடு ஒரு மயிரிழை விரிந்தாலும் தோட்டாவின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டோ கீழே குத்திக்கொண்டோ நிற்கும்.

ஒரு சமயம் என்னுடன் சுடும் நண்பரின் கார்பைன் காலை முழுவதும் சிக்கிக்கொண்டே இருந்தது. போல்ட்டைக் கழற்றித் துடைத்தார், எண்ணெய் மாற்றினார், தோட்டாவை மாற்றினார், பயனில்லை. பிறகு நாங்கள் அவருடைய நான்கு மேகசின்களின் அடியிலும் வெள்ளை மையால் 1, 2, 3, 4 என்று எழுதி, ஒவ்வொரு தடையையும் குறித்துக்கொண்டே வந்தோம். ஏழு தடைகளில் ஆறு, மூன்றாம் எண்ணுக்கு உரியவை. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் மற்றவற்றோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது, இடது உதட்டின் முன்முனை சற்றே வெளிப்பக்கம் மலர்ந்திருப்பது தெரிந்தது. எப்போதோ சிமெண்ட் தரையில் தலைகீழாக விழுந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து எண் எழுதாத மேகசினை நான் பையில் வைப்பதில்லை.

எனவே வாங்கும்போது, அந்தக் கார்பைன் எந்த மேகசினை ஏற்கிறது என்பதை முதலில் கேளுங்கள். கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசின் போலப் பரவலாகக் கிடைப்பதை ஏற்கும் கார்பைனுக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் மேகசின் கிடைக்கும். ரூகர் பிசி கார்பைனில் மேகசின் அறையையே மாற்றி, ரூகர் மேகசினுக்கும் கிளாக் மேகசினுக்கும் பொருத்திக்கொள்ளலாம். நீங்கள் ஏற்கெனவே கைத்துப்பாக்கி வைத்திருந்தால் அதே மேகசினை ஏற்கும் கார்பைனைத் தேடுவது நல்லது. மூல நிறுவனத்தின் மேகசினில் தொடங்குங்கள். கூடுதல் கொள்ளளவு நீட்டிப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வகைத் தோட்டாவோடு தொடங்குவது?

உருண்டை முனையும் முழு உலோக உறையும் கொண்ட, ஆலையில் தயாரான 115 அல்லது 124 கிரெய்ன் தோட்டாவோடு தொடங்குங்கள். உள்குழிந்த முனைக் குண்டுகள் சில கார்பைன்களின் நுழைவுச் சரிவில் தட்டி நிற்கும். யார் நிரப்பினார்கள் என்று தெரியாத மறுநிரப்புத் தோட்டாவை எளிய புளோபேக்கில் சுடவே வேண்டாம். பூட்டு இல்லாத அமைப்பில் அழுத்தம் மிகுந்தால் போல்ட் முன்கூட்டியே பின்வாங்கி, கூட்டின் அடிப்பகுதி தாங்கலின்றி வெடிக்கக்கூடும். அழுத்தம் கூட்டிய "பிளஸ் பி" வகைக்குக் கையேடு இடம் தந்தால் மட்டும் சுடுங்கள்.

வாங்கிய பிறகு எப்படிச் சோதிப்பது?

ஒரு குறிப்பேடு வாங்குங்கள். முதல் 300 தோட்டாக்களுக்கு நாள், மேகசின் எண், தோட்டா வகை, தடை ஏற்பட்டால் அது எப்படிப்பட்டது என்பதை எழுதுங்கள். முதல் ஐம்பதில் ஒன்றிரண்டு தடைகள் வருவது புதிய இயந்திரத்தில் இயல்பு. புதிய ஸ்ப்ரிங் விறைப்பாக இருக்கும், உரசும் பரப்புகள் இன்னும் வழவழப்பாகி இருக்காது. கடைசி 200இல் ஒன்றுகூட வரக்கூடாது. வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து, மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். இப்படிச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் 300 தோட்டா என்பது இரண்டு வார இறுதிகளின் வேலைதான்.

தரையில் விழும் காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே இடத்தில் குவியலாக விழுந்தால் போல்ட் சீராக ஓடுகிறது என்று பொருள். காலடியிலேயே சோர்ந்து விழுந்தால் போல்ட்டுக்கு வேகம் போதவில்லை. பல மீட்டர் தள்ளித் தெறித்தால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கலாம் அல்லது தோட்டா கடுமையாக இருக்கலாம். கூட்டின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு பிய்ந்திருந்தால் பற்றியிழுக்கும் கொக்கியைக் கவனிக்க வேண்டும். அடிப்பக்கம் ஒருபுறமாகப் புடைத்திருந்தாலோ பிரைமரில் ஓட்டை விழுந்திருந்தாலோ அந்த இடத்திலேயே சுடுவதை நிறுத்துங்கள்.

சுடும்போது "டப்" என்று மெல்லிய ஓசை மட்டும் வந்தால்?

உடனே நிறுத்துங்கள். மருந்தில்லாத அல்லது குறைந்த தோட்டாவாக இருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கி நிற்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் புடைத்துவிடும் அல்லது பிளந்துவிடும். முனையை இலக்குப் பக்கமாகவே வைத்து, மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, குழலின் உட்பகுதி தடையின்றி இருப்பதை உறுதிசெய்யும்வரை இன்னொரு தோட்டாவைத் தொடாதீர்கள். விசையை இழுத்தும் எதுவுமே நடக்கவில்லை என்றால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால் குறைந்தது 30 நொடிகள் முனையை இலக்குப் பக்கமே வைத்திருந்து பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும்.

பழைய கார்பைன் வாங்கலாமா?

வாங்கலாம்; பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, போல்ட்டை அகற்றி, ஒரு முனையில் விளக்கைக் காட்டிக் குழலின் உள்ளே பாருங்கள். ஓரிடத்தில் நிழல் போல வளையம் தெரிந்தால், என்றோ ஒருநாள் குண்டு சிக்கியபின் அடுத்தது சுடப்பட்டிருக்கிறது, அதை வாங்காதீர்கள். போல்ட்டின் முகம், கொக்கி, கூட்டைத் தட்டிவிடும் முள் ஆகியவற்றின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும்.

புளோபேக்கில் போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் மெத்தைத்துண்டை மறக்காமல் கழற்றச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த ஒரு கார்பைனைத் திறந்தபோது, அந்தப் பிளாஸ்டிக் துண்டு என் விரல் பட்டதும் பழைய வெல்லம் போலப் பொடிந்தது. வெளிப்புறமோ புத்தம் புதிது போலப் பளபளத்தது. அதைக் கவனிக்காமல் சுட்டிருந்தால் போல்ட் நேராகச் சட்டகத்தையே இடித்து விரிசல் விட்டிருக்கும். துண்டின் விலை சொற்பம். சட்டகம் போனால் துப்பாக்கியே போனதுபோல.

குழல் ஏன் பெரும்பாலும் 16 அங்குலமாகவே இருக்கிறது?

அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுள்ள ரைஃபிளுக்குத் தனிப் பதிவு வேண்டும். பெரிய சந்தை அதுவாக இருப்பதால் உலகத் தயாரிப்புகளும் அந்த அளவையே பின்பற்றுகின்றன. நாட்டுக்கு நாடு விதி மாறும். ராணுவம் பயன்படுத்தும் அளவு என்பதற்காகவே 9×19 மி.மீ. பொதுமக்களுக்கு மறுக்கப்பட்ட நாடுகள் உண்டு. இத்தாலி போன்ற சந்தைகளுக்காக 9×21 மி.மீ. தோட்டா உருவானது அதனால்தான். தோட்டா அளவு, மேகசின் கொள்ளளவு, மொத்த நீளம், தானியங்கி மறுநிரப்பு (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறுவது) ஆகிய நான்கையும் உங்கள் உரிம அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

குறிக்கருவி எது? எத்தனை மீட்டருக்குச் சரிசெய்வது?

எளிய செம்புள்ளிக் குறிக்கருவி போதும். 2 எம்ஓஏ (ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) புள்ளி 100 மீட்டரில் ஏறக்குறைய 6 செ.மீ.யை மறைக்கும், இந்தத் தோட்டாவின் துல்லியத்துக்கு அது பொருத்தமானதே. 50 மீட்டருக்குச் சரிசெய்தால் 9 மி.மீ. குண்டு 100 மீட்டரில் 15 முதல் 25 செ.மீ. தாழ்ந்து விழும். இன்னொன்றும் புதியவர்களைக் குழப்புகிறது: குறிக்கருவி குழலுக்கு மேலே 5, 6 செ.மீ. உயரத்தில் இருப்பதால், 7 மீட்டர் போன்ற அண்மையில் சுட்டாலும் துளை கிட்டத்தட்ட அதே அளவு கீழேதான் விழும்.

எஃகுத் தட்டைச் சுடலாமா?

கடினப்படுத்திய எஃகாக, குழி விழாத சமதளமாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்ததாக இருந்தால் சுடலாம். குழி விழுந்த தட்டு சிதறல்களைச் சுடுபவரை நோக்கியே திருப்பி அனுப்பும். கார்பைனில் வேகம் கூடுவதால் 10 மீட்டருக்கு அருகில் நான் யாரையும் நிற்க விடுவதில்லை. தளத்தின் விதி அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதுவே முடிவு. பார்வையாளர்கள் உட்பட அனைவரும் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

காதுக்கும் உடலுக்கும் என்ன பாதுகாப்பு?

திடீர் ஓசை 140 டெசிபலைத் தாண்டினால் ஒருமுறையே கேட்டாலும் செவி நிரந்தரமாகப் பழுதுபடலாம், 9 மி.மீ. வேட்டு அதைத் தாண்டுகிறது. கூரையுள்ள தளத்தில் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணியுங்கள். பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருப்பதால், சுட்டு முடித்ததும் எதையும் உண்பதற்கு முன் குளிர்ந்த நீராலும் சோப்பாலும் கையையும் முகத்தையும் கழுவுங்கள். அந்த உடையோடு வீட்டில் குழந்தையைத் தூக்காதீர்கள்.

இடக்கைப் பழக்கமுள்ளவர், உடல் சிறியவர் எதைக் கவனிக்க வேண்டும்?

காலிக் கூடு எந்தப் பக்கம் வெளியேறுகிறது, போல்ட்டின் கைப்பிடியை இடம் மாற்ற முடியுமா, தோள்கட்டையின் நீளத்தைக் குறைக்க முடியுமா என்ற மூன்றையும் பாருங்கள். பெரெட்டா சிஎக்ஸ்4இல் கூடு வெளியேறும் பக்கத்தையே மாற்றலாம். கனமான போல்ட்டின் ஸ்ப்ரிங்கைக் கையால் இழுக்கச் சிலருக்குச் சிரமமாக இருக்கும். கடையிலேயே பத்து முறை இழுத்துப் பாருங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்?

புளோபேக் தன் கரியைத் தன் வயிற்றுக்குள்ளேயே ஊதிக்கொள்ளும். 200 தோட்டா முடிந்ததும் போல்ட்டைத் திறந்தால் விரலெல்லாம் கறுத்துவிடும். ஒவ்வொரு முறை சுட்டு வந்த பிறகும் போல்ட்டின் முகத்தையும் கொக்கியின் அடியையும் சேம்பரையும் துடையுங்கள். ஓடும் தடங்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். மேகசினுக்குள் எண்ணெய் விடக்கூடாது. அது தூசியைப் பிடித்துக்கொள்ளும், பிரைமரையும் கெடுக்கலாம். ஸ்ப்ரிங்கையும் மெத்தைத்துண்டையும் எத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்து, கார்பைனைக் காலியாகப் பெட்டியில் பூட்டும்போதே அன்றைய தோட்டாக் கணக்கையும் அதன் கீழே சேர்த்துவிடுங்கள். தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு சாவி.